கம்யூனிட்டி காலேஜில் சைபர் செக்யூரிட்டியும் நெட்வொர்க்கிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போதுகூட யாராவது இதைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) அமெரிக்கா வந்து, வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருந்த ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் சேர்ந்து, ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வந்தபின் ஹெல்ப் டெஸ்க்கில் (ஊழியர்களின் கம்ப்யூட்டர் சிக்கல்களைத் தீர்க்கும் உதவிப் பிரிவு) தொடங்கி, இப்போது நெட்வொர்க் கண்காணிப்பு வேலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விசா பற்றி நான் சொல்வது பொதுவான விதி மட்டுமே. உங்கள் நிலைமைக்கு காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையோ வழக்கறிஞரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் ஊர் பாலிடெக்னிக் மாதிரியா?

பாதி அப்படி, பாதி இல்லை. தொழில் கற்றுக்கொண்டு இரண்டு வருடத்தில் வேலைக்குப் போகிறவர்களும் இங்கே உண்டு. முதல் இரண்டு வருடத்தை மலிவாக முடித்துவிட்டு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்குப் போகிறவர்களும் உண்டு. இல்லினாய்ஸில் உள்ள ஜோலியட் ஜூனியர் காலேஜ் 1901இல் தொடங்கியது. இன்றும் நடக்கும் அரசுக் கம்யூனிட்டி காலேஜ்களில் அதுதான் மூத்தது. இன்று இந்த இரண்டு வழியும் சேர்ந்தேதான் வருகின்றன.

பெரும்பாலான காலேஜ்களில் நுழைவுத் தேர்வு, கட்-ஆஃப் என்று எதுவும் கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்த யாரும் சேரலாம். அதனால் வகுப்பில் எல்லா வயதினரும் இருப்பார்கள். என் முதல் வகுப்பில் ஒரு பக்கம் பள்ளியை அப்போதுதான் முடித்த பையன், மறுபக்கம் ராணுவத்திலிருந்து வந்தவர், பின்னால் பகலெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வந்து உட்காரும் ஒருவர். நம்மவர்களில் சிலர் “கம்யூனிட்டி காலேஜா?” என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சைபர் செக்யூரிட்டியில் சேரட்டுமா, நெட்வொர்க்கிங்கில் சேரட்டுமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் “சைபர்” என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார். பேர் கவர்ச்சியாக இருக்கிறதே!

பல காலேஜ்களில் இரண்டு படிப்புக்கும் முதல் வருடப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். பிரியும் இடம் இரண்டாம் வருடம். ஆகவே முதல் நாளே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. என் கருத்தைக் கேட்டால், எந்தப் பெயரில் சேர்ந்தாலும் நெட்வொர்க்கிங்கை முதலில் கரைத்துக் குடியுங்கள். ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) இங்கிருந்து அங்கே எப்படிப் போகிறது என்று தெரியாதவருக்கு, அது போகக் கூடாத வழியில் போனால் எப்படித் தெரியும்?

இது எனக்கு உறைத்தது ஒரு லேபில். ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) ஒன்றில் டெல்நெட் (தூரத்திலிருந்து ஒரு சாதனத்துக்குள் நுழையும் பழைய முறை) வழியாக நுழையச் சொன்னார் ஆசிரியர். அதே நேரம், நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. நுழைந்து, கடவுச்சொல் கொடுத்து, வெளியே வந்தோம். வயர்ஷார்க்கில் அந்த உரையாடலை மொத்தமாக விரித்துப் பார்த்தால், நான் அடித்த எல்லாம் அப்படியே கிடக்கிறது. பயனர் பெயரில் மட்டும் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு இரண்டாக இருந்தது. கடவுச்சொல்லில் ஒற்றை எழுத்து. ஏன் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் நின்றார். பத்து நிமிடம் கழித்துத்தான் ஒருவருக்குப் பிடிபட்டது. நாம் அடிக்கும் எழுத்தை ஸ்விட்ச் திருப்பி அனுப்பினால்தான் அது நம் திரையில் தெரியும். அதனால் போனது ஒன்று, வந்தது ஒன்று. கடவுச்சொல்லைத் திருப்பி அனுப்பாது, அதனால்தான் திரையில் எதுவும் தெரிவதில்லை. ஆனால் போன எழுத்து போனதுதான், வழியில் இருப்பவர் யாரும் படிக்கலாம். அடுத்து, எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் வழியாக அதையே செய்தோம். வயர்ஷார்க்கில் வெறும் குப்பை எழுத்து.

“டெல்நெட் பாதுகாப்பில்லை, எஸ்எஸ்எச் பயன்படுத்து” என்பது எந்தப் பாதுகாப்புப் புத்தகத்திலும் இருக்கும் ஒற்றை வரி. அந்த மாலைக்கு முன்பு நானும் அதை மனப்பாடம் செய்தவள்தான்.

என்னென்ன பாடங்கள் இருக்கும்?

காலேஜுக்குக் காலேஜ் பெயர் மாறும், சாரம் மாறாது. கம்ப்யூட்டரைப் பிரித்துப் பூட்டும் ஹார்டுவேர் பாடம், நெட்வொர்க் அடிப்படை, லினக்ஸ், விண்டோஸ் சர்வர், செக்யூரிட்டி அடிப்படை. பிறகு ஃபயர்வால், எத்திக்கல் ஹேக்கிங், டிஜிட்டல் தடயவியல், கிளவுட் என்று கிளை பிரியும்.

பல காலேஜ்கள் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் பாடத்தை நடத்துகின்றன. அதை 1997இல் தொடங்கியது, நெட்வொர்க் சாதனங்கள் செய்யும் சிஸ்கோ நிறுவனம். சிசிஎன்ஏ என்ற சிஸ்கோ சான்றிதழ்த் தேர்வுக்கான பாடம் அதில் மூன்று பகுதி: முதலில் நெட்வொர்க் அறிமுகம், இரண்டாவது ஸ்விட்ச், ரவுட்டர், வயர்லெஸ், மூன்றாவது பெரிய நிறுவன நெட்வொர்க்கும் பாதுகாப்பும் தானியங்கியும். இரண்டாவது பகுதியில்தான் பலர் கழன்றுகொள்வார்கள். அந்த செமஸ்டரில் வேறு கடினமான பாடம் எதையும் எடுக்காதீர்கள்.

டிகிரி வேண்டுமென்றால் ஆங்கிலக் கட்டுரை, கணக்கு, சமூக அறிவியல் போன்ற பொதுப் பாடங்களும் சேரும். எல்லாம் சேர்ந்து சுமார் 60 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு). ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைப் பலர் சுமையாக நினைக்கிறார்கள். நான் ஷிஃப்ட் முடியும்போது எழுதும் சம்பவ அறிக்கைகளைப் பார்த்தால் அந்தப் பாடம்தான் தினமும் சோறு போடுகிறது.

கணக்கு நிறைய வருமா?

உயர் கணக்கு வராது. டிகிரிக்குக் கல்லூரி அல்ஜீப்ரா அளவு கேட்பார்கள். தொழிலில் வருவது இரும எண்ணும் சப்நெட்டிங்கும் (நெட்வொர்க் முகவரிகளைக் கூறு போடுவது). இதற்குப் பயந்து ஓடுகிறவர்கள் நிறைய, ஆகவே ஒன்றைப் போட்டே காட்டிவிடுகிறேன்.

ஒரு கம்ப்யூட்டரின் முகவரி 192.168.10.70/26. அதன் கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி) 192.168.10.1 என்று கொடுத்திருக்கிறார்கள். நெட் வரவில்லை. ஏன்? மொத்தம் 32 பிட். /26 என்றால் அதில் 26 நெட்வொர்க்குக்குப் போய்விட்டது, மீதி 6. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஆகவே முகவரிகள் 64, 64ஆகக் கூறு போடப்பட்டிருக்கின்றன: 0 முதல் 63 வரை ஒரு கூறு, 64 முதல் 127 வரை அடுத்தது. 70 இருப்பது இரண்டாவது கூறில், கேட்வேயின் 1 இருப்பது முதல் கூறில். வெளியே போகும் வாசலே வேறொரு தெருவில் இருக்கிறது! கேட்வேயை 65 என்று மாற்றினால், ரவுட்டரிலும் அந்த முகவரி இருந்தால், வேலை முடிந்தது. ஒவ்வொரு கூறிலும் முதல் எண் நெட்வொர்க்கின் பெயர், கடைசி எண் பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முகவரி), ஆக கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்க முடிவது 62.

இவ்வளவுதான். தினம் பத்து கணக்கு என்று மூன்று வாரம் போட்டால் விரல் நுனிக்கு வந்துவிடும்.

கோடிங் தெரிந்திருக்க வேண்டுமா?

சேரும்போது வேண்டாம். வெளியே வரும்போது கொஞ்சம் பைத்தானும், பாஷ் அல்லது பவர்ஷெல்லும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாயிரம் வரி லாக் (நடந்தவற்றின் பதிவு) கோப்பைக் கண்ணால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஏஏஎஸ், ஏஎஸ், சர்டிஃபிகேட்: எதை எடுப்பது?

இதில் தவறினால் பணமும் வருடமும் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

சர்டிஃபிகேட் என்பது தொழில் பாடங்களை மட்டும் கொண்டது, ஒரு வருடமோ அதற்குக் குறைவோ ஆகும். ஏஏஎஸ் நேராக வேலைக்குப் போவதற்கான இரண்டு வருடப் பட்டம், லேப் அதிகம், பொதுப் பாடம் குறைவு. ஏஎஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதை மனதில் வைத்து வடிவமைத்தது, கணக்கும் பொதுப் பாடமும் அதிகம். இந்த இரண்டையும் அசோசியேட் பட்டம் என்பார்கள்.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஏஏஎஸ் முடித்தவர் பிறகு பேச்சிலர் படிக்கலாம் என்று பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது. “இந்தத் தொழில் பாடங்களை நாங்கள் ஏற்பதில்லை” என்று பாதி கிரெடிட்டைத் தள்ளிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஏறக்குறைய மூன்று செமஸ்டரை இப்படித் தொலைத்தார். காலேஜ் ஆலோசகர் “எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகும்” என்று வாயால் சொன்னதை நம்பியிருந்தார். வாய்ச்சொல் போதாது. எந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, எந்தப் பாடம் எந்தப் பாடமாகப் போகும் என்று எழுத்தில் இருக்கும். அதை ஆர்டிகுலேஷன் அக்ரிமென்ட் என்பார்கள். சேருவதற்கு முன்பே அந்தத் தாளைக் கேளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் ஏஏஎஸ்ஸையும் முழுதாக ஏற்று பிஏஎஸ் என்ற பேச்சிலர் பட்டம் தருகின்றன. ஃப்ளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் கம்யூனிட்டி காலேஜ்களே சில துறைகளில் பேச்சிலர் பட்டம் கொடுக்கின்றன. ஆகவே ஏஏஎஸ் என்றாலே முட்டுச்சந்து என்றில்லை, போகிற வழியை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்?

நீங்கள் அந்த மாநிலத்தவரா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மாநிலத்தவருக்கு ஒரு யூனிட் (அங்கே கிரெடிட்டுக்கு அதுதான் பெயர்) 46 டாலர். 60 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,760 டாலர். வெளியிலிருந்து வந்தவராகக் கணக்கிட்டால் அதே பாடம் பல மடங்கு ஆகும். கலிஃபோர்னியாதான் மலிவு, மற்ற மாநிலங்களில் கூடும்.

மாநிலத்தவர் என்று ஆவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வசித்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. எச்4 காரர்களை மாநிலத்தவராக ஏற்பதா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. என் விண்ணப்பத்தில் முதலில் வெளிநாட்டு மாணவர் என்று போட்டுவிட்டார்கள். வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வரித் தாக்கல் எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டபிறகுதான் மாற்றினார்கள். முதல் பில்லைப் பார்த்து மலைத்துவிடாமல் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இது தவிர லேப் கட்டணம், பாடப்புத்தகம், பிறகு வெளித் தேர்வுக் கட்டணம். செக்யூரிட்டி பிளஸ் என்ற பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வு ஒன்றே 400 டாலரைத் தாண்டும். மாணவர் என்றால் தள்ளுபடி உண்டு, சில காலேஜ்கள் பாடக் கட்டணத்தோடு வவுச்சரும் தரும்.

எச்4 விசாவில் படிக்கலாமா? வேலை?

படிக்கலாம். எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய அவசியம் இல்லை, பகுதி நேரமாகவும் படிக்கலாம், ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் சரி. எச்4இன் பெரிய வசதி இது.

வேலைக்கு ஈஏடி வேண்டும். 2015 முதல் எச்4க்கு ஈஏடி உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை. கணவரோ மனைவியோ எச்1பியில் இருந்து, அவருடைய ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கிரீன் கார்டு முயற்சியை ஒட்டி ஆறு வருடத்துக்கு மேல் எச்1பி நீட்டிப்பு பெற்றிருக்க வேண்டும். ஈஏடி இல்லாமல் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது. காலேஜ் லேபில் உதவியாளராக மணிக்கு இத்தனை டாலர் என்பதும் வேலைதான். ஆசிரியர் நல்லெண்ணத்தில் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். நான் மறுத்தேன், அந்த செமஸ்டர் முழுக்க வயிறு எரிந்தது உண்மை.

இந்தியாவிலிருந்து எஃப்1இல் நேராகக் கம்யூனிட்டி காலேஜுக்கு வரலாமா?

வரலாம், அந்தக் காலேஜுக்கு ஐ-20 (மாணவர் விசாவுக்குத் தேவையான சேர்க்கைப் படிவம்) கொடுக்கும் அனுமதி இருந்தால். செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும், அந்தக் கணக்கில் ஆன்லைன் பாடம் ஒன்றுக்கு மேல் சேராது. இந்தத் துறையில் ஆன்லைன் பாடங்கள் அதிகம் என்பதால் அட்டவணை போடும்போது இது கழுத்தைப் பிடிக்கும்.

முக்கியமான இன்னொன்று: அசோசியேட் பட்டம் முடித்தால் 12 மாதம் ஓபிடி (படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி) உண்டு. ஆனால் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) ஓபிடி என்கிற கூடுதல் 24 மாதம் பேச்சிலரோ அதற்கு மேலோ படித்தவர்களுக்குத்தான். “சைபர் செக்யூரிட்டி ஸ்டெம் பாடம்தானே, மூன்று வருடம் கிடைக்கும்” என்று ஊரில் ஏஜென்ட் சொன்னால் அவரிடம் இதைக் கேளுங்கள். எஃப்1இல் வருகிறவர் இங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது என்ற திட்டத்தோடு வருவதே சரி. இரண்டு வருடத்தில் வேலை என்ற கனவோடு வர வேண்டாம்.

உதவித்தொகை கிடைக்குமா?

குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் ஃபாஃப்சா என்ற கூட்டாட்சி அரசின் உதவித்தொகை விண்ணப்பம் போடலாம். அதன்வழி கிடைக்கும் பெல் கிராண்ட் திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம், 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர். வருமானம் குறைவாக இருந்தால் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தை அது பல இடங்களில் முழுதாகவே அடைத்துவிடும். எச்4, எஃப்1 என்றால் கூட்டாட்சி அரசின் உதவி இல்லை. காலேஜின் சொந்த அறக்கட்டளை உதவித்தொகைகளில் சில குடியுரிமை கேட்காது, விண்ணப்பிக்க ஒரு கட்டுரை எழுதினால் போதும். போட்டி குறைவு, ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் விண்ணப்பிப்பதே இல்லை.

சைபர் செக்யூரிட்டிக்கென்றே சைபர்கார்ப்ஸ் என்ற உதவித்தொகை இருக்கிறது. தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்துவது. படிப்புச் செலவைக் கொடுத்து, பதிலுக்கு அரசு வேலை செய்யச் சொல்லும். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்.

லேப் எப்படி இருக்கும்? ஆன்லைனில் எடுத்தால் நஷ்டமா?

பாக்கெட் டிரேசர் என்று சிஸ்கோவின் மென்பொருள் இருக்கிறது, இலவசம். ரவுட்டர், ஸ்விட்ச், கேபிள் எல்லாம் திரையிலேயே இழுத்துப் போட்டுக் கட்டலாம். பாடத்தின் பெரும்பகுதியை அதிலேயே முடித்துவிடலாம். செக்யூரிட்டி லேபுகள் உலாவி வழியாகத் திறக்கும் மெய்நிகர் இயந்திரங்களில் (மென்பொருளாகவே ஓடும் கம்ப்யூட்டர்கள்) நடக்கும். ஆகவே ஆன்லைன் மாணவர் எதையும் பார்க்காமல் போவதில்லை.

ஆனாலும் முதல் நெட்வொர்க் பாடத்தையாவது நேரில் எடுங்கள் என்பேன். எங்கள் இரண்டாவது வகுப்பில் ஆளுக்கு ஒரு முழம் கேபிளும், ஆர்ஜே45 முனை இரண்டும், முனையைக் கேபிளில் இறுக்கும் கிரிம்பரும் கொடுத்தார்கள். உறையை உரித்து, எட்டுக் கம்பியின் முறுக்கைப் பிரித்து, வரிசையில் அடுக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சையை வெள்ளை-பச்சைக்குப் பக்கத்திலேயே வைக்கத்தான் கை போகும், ஏனென்றால் ஜோடி அதுதானே! ஆனால் நடுவில் நீல ஜோடியை விட்டுத்தான் பச்சை ஆறாவது இடத்தில் வர வேண்டும். நான் இரண்டு முனையிலும் பச்சையை மூன்றாவது இடத்துக்குப் பக்கத்திலேயே சொருகிவிட்டேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. சரியாகிவிட்டது என்று கையைத் தூக்கினேன். ஆசிரியர் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வெட்டிப் போட்டார். இரண்டு முனையும் ஒரே மாதிரித் தப்பாக இருந்தால் மின்சாரம் போகும், விளக்கு எரியும். ஆனால் சமிக்ஞை போகும் இரண்டு கம்பியும் ஒரே முறுக்கில் இல்லாததால் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் ஏறி, வேகமாகத் தரவு போகும்போது பிழை குவியும். விளக்கு எரிகிறது, நெட்வொர்க் மட்டும் தடுமாறுகிறது. இந்த வகைக் கோளாறை வேலையில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பாக்கெட் டிரேசரில் இப்படி ஒரு தப்பைச் செய்யவே முடியாது.

வீட்டிலும் ஒரு சின்ன லேப் வைத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப் போதும். அதில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருள் போட்டு ஒரு லினக்ஸ், ஒரு விண்டோஸ், ஒரு பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால். இரண்டாம் கை ஸ்விட்ச் வாங்குபவர்கள் கவனத்துக்கு: நிறுவனத்துக்கென்று செய்த பெட்டிகளின் விசிறிச் சத்தம் படுக்கையறைக்கு ஆகாது.

யூடியூபில் எல்லாம் இலவசமாக இருக்கும்போது காலேஜ் எதற்கு?

தானாக உட்கார்ந்து எட்டு மாதம் விடாமல் படிக்கக் கூடியவருக்குக் காலேஜ் தேவையில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் இருபதாவது வீடியோவோடு நின்றேன். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு வகுப்பு, வெள்ளிக்குள் லேப் அறிக்கை என்று இருந்ததால்தான் முடித்தேன். தவிர, என் முதல் வேலைக்குப் பரிந்துரைத்தவர் கூடப் படித்தவர்.

எந்தத் தேர்வை முதலில் எழுதுவது?

காம்ப்டியா என்ற சான்றிதழ் அமைப்பின் ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் என்பது வழக்கமான படி. ஏ பிளஸ் இரண்டு தேர்வு, மற்றவை ஒவ்வொன்று. செக்யூரிட்டி பிளஸ்ஸில் 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்வி, 100 முதல் 900 வரையிலான அளவில் 750 எடுத்தால் தேர்ச்சி. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

ஐடி பின்னணி இருந்தால் ஏ பிளஸ்ஸைத் தாண்டிவிடலாம். நெட்வொர்க் பிளஸ்ஸும் சிசிஎன்ஏவும் இரண்டும் தேவையா என்றால், சிசிஎன்ஏ எழுதப்போகிறவருக்கு நெட்வொர்க் பிளஸ் வீண் செலவு என்பது என் எண்ணம். சிசிஎன்ஏ கடினம், 120 நிமிடத் தேர்வு, ஆனால் நேர்காணலில் அதற்கு இருக்கும் மரியாதை தனி. சிஸ்கோ பாடம் மூன்றையும் முடித்த கையோடு எழுதிவிடுங்கள். ஆறு மாதம் தள்ளினால் பாதி மறந்துவிடும்.

சிஐஎஸ்எஸ்பி என்ற மேல்நிலைப் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அதற்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும். இப்போது அந்தப் புத்தகத்தை வாங்க வேண்டாம்.

முடித்தால் வேலை கிடைக்குமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒளிக்காமல் சொன்னால், படித்து முடித்த மறுநாள் “செக்யூரிட்டி அனலிஸ்ட்” ஆவது அரிது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் அந்த வேலைக்கு நடுத்தர ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலருக்கு மேல் என்று காட்டுகிறது. விளம்பரங்களில் எல்லாம் அந்த எண்தான் வரும். அதே பக்கத்தில், அந்த வேலைக்கு வழக்கமாகக் கேட்கும் படிப்பு பேச்சிலர் என்றும், பெரும்பாலும் தொடர்புள்ள துறையில் முன் அனுபவம் தேவை என்றும் போட்டிருக்கும். அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

அசோசியேட் பட்டத்தோடு நுழையும் வாசல் ஹெல்ப் டெஸ்க், கம்ப்யூட்டர் சப்போர்ட், நெட்வொர்க் கண்காணிப்பு மையம், பள்ளி மாவட்டங்களின் ஐடி பிரிவு. சம்பளம் அந்த எண்ணில் பாதியோ அதற்கும் குறைவோ. நம்மவர்களுக்கு ஹெல்ப் டெஸ்க் என்றால் மானப் பிரச்சினை. “பி.இ. படித்துவிட்டு பாஸ்வேர்டு ரீசெட் பண்ணவா?” ஆமாம், அதுவும்தான். என் முதல் வாரத்தில் ஒரு தளத்தில் பதினோரு பேருக்கு நெட் இல்லை என்று அழைப்பு வந்தது. எல்லார் கம்ப்யூட்டரிலும் 169.254 என்று தொடங்கும் முகவரி. அப்படி முகவரி வந்தால் டிஎச்சிபி (கம்ப்யூட்டர்களுக்கு முகவரி வழங்கும் சேவை) பதில் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். வகுப்பில் படித்தது அப்படியே வந்து நின்றது. கேபிளையோ வைஃபையையோ தேடாமல் நேராக டிஎச்சிபி சர்வரை யார் தொட்டார்கள் என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் மேலாளர் என் பெயரை நினைவில் வைத்துக்கொண்டார்.

இன்னொன்று. கூட்டாட்சி அரசின் பெரும்பாலான வேலைகளும், பாதுகாப்பு அனுமதி கேட்கும் ஒப்பந்த வேலைகளும் குடிமக்களுக்குத்தான். வாஷிங்டன் டிசி, விர்ஜினியா, மேரிலாந்துப் பக்கம் சைபர் வேலை விளம்பரங்களில் கணிசமானவை அப்படிப்பட்டவை. அந்த விளம்பரங்களை எண்ணி வாய்ப்பைக் கணக்கிடாதீர்கள்.

ஊரில் பி.இ. முடித்தேன். மறுபடியும் டிகிரி வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். உங்கள் மதிப்பெண் பட்டியலை டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தில் கொடுத்து, அமெரிக்கப் பேச்சிலருக்கு இணை என்ற அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். தொழில் பாடங்கள் மட்டுமுள்ள சர்டிஃபிகேட் போதும். தேவைப்பட்டால் பிறகு மாஸ்டர்ஸ். நான் செய்த தவறு, பொதுப் பாடங்களுக்கும் பணம் கட்டியது. ஆங்கிலக் கட்டுரை தவிர மற்றவற்றுக்குக் கட்டிய பணம் இன்றும் உறுத்துகிறது.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சரிப்படுமா?

படிப்பதற்குச் சரிப்படும். இரவு ஷிஃப்டுக்கு உடம்பு ஒத்துழைக்குமா என்பதை மட்டும் யோசியுங்கள், தொடக்க நிலை வேலைகளில் அது நிறைய வரும்.

மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். இப்போதே சேரலாமா?

பல பள்ளி மாவட்டங்களில் டூயல் என்ரோல்மென்ட் உண்டு. பள்ளியில் இருக்கும்போதே காலேஜ் பாடம் எடுக்கலாம், சில இடங்களில் இலவசம். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் ஹேக்கிங் புதிர்களை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் அவனுக்கு இது பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். காலேஜ் மாணவர்களுக்கு நேஷனல் சைபர் லீக் போட்டி இருக்கிறது, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்.

ஹேக்கிங் சொல்லித் தருவார்களா? பக்கத்து வீட்டு வைஃபையில் சோதிக்கலாமா?

சொல்லித் தருவார்கள். சோதிக்கக் கூடாது. முதல் வகுப்பிலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். 1986இல் வந்த கணினி மோசடிச் சட்டப்படி, அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது கூட்டாட்சிக் குற்றம். “கதவு திறந்திருந்தது” என்பது பதில் ஆகாது. காலேஜின் வைஃபையில் என்மேப் (நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கிறது என்று துழாவும் கருவி) ஓட்டிப் பார்த்த ஒரு பையனுக்குக் கணக்கை முடக்கி, விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாவில் இருப்பவருக்கு இது விளையாட்டு இல்லை. ஹேக்கிங் கருவிகள் அடங்கிய காளி லினக்ஸை வீட்டு லேபின் மெய்நிகர் இயந்திரங்களோடு மட்டும் பேசவிடுங்கள்.

நல்ல காலேஜ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அங்கீகாரம்: எச்எல்சி, ஏசிசிஜேசி போன்ற அங்கீகார அமைப்புகளில் ஒன்றின் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிரெடிட்டை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. அடுத்து, என்எஸ்ஏ (அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை) முன்னின்று நடத்தும் சைபர் பாதுகாப்புக் கல்வி மையங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்யூனிட்டி காலேஜ்களும் அதில் நிறைய உண்டு. பாடத்திட்டத்தை வெளியாள் சரிபார்த்திருக்கிறார் என்பதற்கு அது அடையாளம்.

அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது நேரில் போய்ப் பார்ப்பது. மாலை வகுப்பு நடக்கும் நாளில் போய், லேபைக் காட்டச் சொல்லுங்கள். பகலில் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து நடத்தும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஸ்விட்சுகளும் ரவுட்டர்களும் அடுக்கிய ரேக்கைப் பாருங்கள். கேபிள் எல்லாம் அழகாகக் கட்டி, கண்ணாடிக் கதவு பூட்டி, பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நான் படித்த லேபில் ரேக்குக்கு முன்னால் எப்போதும் கேபிள் குப்பை, ஸ்விட்சின் மேல் யாரோ ஒட்டிய “போர்ட் 7 வேலை செய்யாது” என்ற காகிதம், தரையில் வெட்டிப் போட்ட ஆர்ஜே45 முனைகள். அதில் என்னுடையதும் ஒன்று.